நிறுத்தாத கை

அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணுக்கு நாற்பத்து நான்கு வயது. இருபது வருடமாக அதே அறை, அதே ஈய உடுப்பு. நாளொன்றுக்கு எழுபது எண்பது பேரிடம் "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க, ம்... விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவர் இருமினால்கூட வாய் தவறி அதையே சொல்லிவிடுவாள். "விடலாமா, இன்னும் கொஞ்சம் பிடிக்கணுமா?" என்பார் அவர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். முப்பது பிள்ளைகளின் கூச்சலைக் காலையும் மாலையும் சுமந்துவிட்டு வந்தும் சிரிக்க மறக்காத மனிதர்.

வாரத்தில் மூன்று மாலை அவள் வேறொரு ஆள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு கராத்தே பள்ளி இருந்தது. நீளமான ஹால், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், எப்போதும் லேசான ரப்பர் வாடை. பதினெட்டு வருடம் முன்பு அந்தப் படியை ஏறியவள், இப்போது கறுப்புப் பட்டை கட்டி மாஸ்டருக்கு அடுத்த இடத்தில் நிற்கிறாள்.

அவள் அங்கே போனதற்குக் காரணம் பயம் அல்ல, கோபம். சின்ன வயதிலேயே அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். பதினோரு வயதில் ஏதோ ஒரு ரிப்பனுக்காக வந்த சண்டையில் செம்பைத் தூக்கி அக்காவின் மேல் எறிந்தாள். அக்காவுக்குப் பின்மண்டையில் ஆறு தையல். முடி மறைத்துவிட்டது, வீட்டிலும் மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. இருபத்தாறு வயதில், அசையாதீர்கள் என்று மூன்று முறை சொல்லியும் அசைந்த ஒரு நோயாளியின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். அந்த மனிதர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல்தான் அன்று மாலையே டயர் கடை மாடிக்குப் போனாள்.

"அடிக்கக் கத்துக்க வரல மாஸ்டர். அடிக்காம இருக்கக் கத்துக்கணும்."

மாஸ்டர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை. "அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றார். "மொதல்ல அந்தத் துணிய நனைச்சு எடுத்துட்டு வந்து தரையத் துடைங்க."

அங்கே எல்லாமே அப்படித்தான். வந்ததும் தரையைத் துடைக்க வேண்டும். பட்டையின் நிறம் பார்த்து யாருக்கும் விலக்கு கிடையாது. எதிரில் நிற்கிறவருக்குக் குனிந்து வணங்காமல் கை நீட்டக் கூடாது. வகுப்பு முடிந்ததும் வரிசையாக முட்டி போட்டு உட்கார்ந்து ஐந்து உறுதிமொழி சொல்வார்கள்: குணத்தைச் சீராக்குவேன், உண்மையாக இருப்பேன், முயற்சியை விடமாட்டேன், மரியாதை காப்பேன், ஆத்திரத்துக்கு இடம் கொடுக்கமாட்டேன். ஐந்தையும் "முதலாவது" என்றே தொடங்குவார்கள். இரண்டாவது, மூன்றாவது என்று கிடையாது. எது பெரிது, எதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது என்பதற்காக.

இவை எல்லாவற்றையும்விட அவளைப் பிடித்துக்கொண்டது நிறுத்தம். முழு வேகத்தில் போகிற குத்து எதிராளியின் முகத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்க வேண்டும். தொட்டால் தோல்வி. "குத்து யாருக்கும் வரும். நிறுத்தறதுதான் கராத்தே," என்பார் மாஸ்டர். பதினெட்டு வருடத்தில் அவளைப் போல நிறுத்த அந்தப் பள்ளியில் வேறு ஆள் இல்லை. எதிரில் நிற்பவரின் கண்ணிமையில் காற்று படும், கை படாது. கோபத்தைக் கட்டிப்போட்டுவிட்டோம் என்று அவள் நம்பியது அந்த மயிரிழையை வைத்துத்தான்.

அப்படி இருக்கையில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

காலை பதினொரு மணி. கூட வேலை பார்க்கிறவர் விடுப்பு. வராந்தாவில் நாற்பது பேர் வரிசை. மொத்த விலை மார்க்கெட்டில் ஏலம் கூறுகிற ஒருவர், மூட்டை விழுந்து கால் வீங்கிய தன் தம்பியோடு ஒன்றரை மணி நேரமாகக் காத்திருந்தார். இரண்டு தெரு தாண்டிக் கேட்கும் குரல் அவருக்கு. அந்தக் குரலில் அவர் முதலில் முணுமுணுத்து, பிறகு கத்தி, பிறகு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஆயாவின் மேல் பாய்ந்தார். ஆயா ஒல்லியான உடம்பு, ஐம்பத்தைந்து வயது. எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தபோது ஏலக்காரர் ஆயாவைச் சுவரோடு சாய்த்துக் கழுத்தைப் பிடித்திருந்தார். ஆயாவின் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது.

"கைய எடுங்க," என்றாள். எடுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். பிடி விட்டது. ஆயா அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஏலக்காரர் ஓரடி பின்னால் போனார். இரண்டு கையும் மார்புக்கு நேராக, உள்ளங்கை வெளியே தெரிய, விரிந்திருந்தன. முகம் பாதி திரும்பியிருந்தது, தம்பி இருந்த பக்கமாக.

அப்போதுதான் அவள் அடித்தாள். ஒரே அடி, தாடையில்.

சத்தம் அடங்கிப்போன வராந்தாவில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

கொடுமை என்னவென்றால், ஏலக்காரருக்கும் அவள்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வேறு ஆள் இல்லை. காவலாளி ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் அவருடைய தலையைச் சாய்த்து, கன்னத்தை எக்ஸ்ரே தட்டின் மேல் வைத்தாள். வாயோரம் எச்சிலும் ரத்தமும் ஒழுகின. கணினித் திரையில் படம் வந்தது. வலது பக்கம் காதுக்குக் கீழே ஒரு முறிவு. இடது பக்கம் பல்வரிசைக்கு அடியில் இன்னொன்று. எத்தனை ஆயிரம் எலும்பைப் பார்த்தவள். எந்த அடி எங்கிருந்து வந்தது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இது இடுப்பிலிருந்து முழு உடம்பும் சேர்ந்து, எங்கும் தயங்காமல் போன அடி.

மதியத்துக்குள் அலுவலக மேற்பார்வையாளர் ஒரு தாளோடு வந்தார். ஏலக்காரர் ஆயாவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நிலையில், உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் தாக்கியதாக எழுதியிருந்தது. "கேமராவுல தூண் மறைச்சிருக்கு. வரிசையில நின்னவங்களும் உங்க பக்கம்தான். ஆயாவும், 'நான் கண்ண மூடியிருந்தேன், ஆனா அவன் புடிச்சுட்டுதான் இருந்தான்'னு சொல்லிட்டாங்க. நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போலீஸுக்குக் குடுத்துடலாம்மா." வாசலில் அடுத்த நோயாளி நின்றுகொண்டிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று முதல் அவள் கால் தரையில் படாத குறையாகக் கொண்டாடினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பெரிய டாக்டர் தன் அறைக்கே கூப்பிட்டுக் கை குலுக்கினார். வீங்கிய விரல் முட்டிகளில் வலி சுள்ளென்றது. ஆயா அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குன்னு யார் தங்கச்சி இருக்கா? நீதான் வந்தே." வேனில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளைக் கணவர் வந்து ஒப்பித்தார். "வீட்ல தினமும் அடி வாங்குவீங்களா அங்கிள்னு கேக்குதுங்க. ஞாயித்துக்கிழமை லீவுன்னு சொல்லி வச்சிருக்கேன்." அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கராத்தே பள்ளியிலும் கை தட்டல். பத்திரிகைப் படத்தை மாஸ்டரே சுவரில் ஒட்டியிருந்தார். அடுத்த வாரம் அம்மாக்கள் பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். வேலை முடித்து வந்த பெண்களும் சேர்ந்தார்கள். இருபது பேரைத் தாண்டாத வகுப்பில் ஐம்பதுக்கு மேல். மாஸ்டரின் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு மலர்ச்சி.

"நிறுத்தம்னா என்னன்னு புதுசா வந்தவங்களுக்குக் காட்டும்மா," என்றார்.

ஒரு வங்கி ஊழியப் பெண் எதிரில் வந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்குக் குனிந்து வணங்கினாள், காலை முன்னால் வைத்தாள், குத்தினாள். முழு வேகம். கை மூக்கு நுனிக்கு மயிரிழை முன்னால் நின்றது. கூட்டம் ஆவென்றது. கை நின்றுவிட்டது. நிற்கத் தெரிந்த கைதான். இனி அதன் மேல் பழி போட முடியாது. உறுதிமொழி சொல்லும் நேரத்தில் 'உண்மையாக இருப்பேன்' வந்தபோது வெறுமே உதட்டை அசைத்தாள்.

வெளியூரில் இருந்த அக்கா போன் பண்ணினாள். பத்திரிகைப் படம் அவள் கைக்கும் போயிருந்தது. "நல்லா போட்டியாமே! தாடை ரெண்டா போச்சாமே! அந்தக் கையோட ருசி எனக்குத் தெரியும்டி," என்று சிரித்தாள்.

"அக்கா, செம்பை எறிஞ்சேனே, உனக்குப் பின்மண்டையில எப்படிப் பட்டுச்சு?"

"எப்படின்னா? ரிப்பன கட்டில் மேல போட்டுட்டு, நீயே வச்சுக்கோன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். அப்பத்தான் எறிஞ்சே. ஏன், இப்ப எதுக்கு அதெல்லாம்?"

அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள். முப்பத்து மூன்று வருடமாக அவள் நினைவில் அக்கா ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

மறுநாள் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே போனாள். மாஸ்டர் மட்டும் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் அடிச்சப்ப அவர் கைய எடுத்துட்டார்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "பதட்டத்துல அப்படித்தான் இருக்கும். ஒரு நொடிக்குள்ள என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நொடியத்தான பதினெட்டு வருஷமா கத்துக்குடுத்தீங்க?"

"பொம்பள கழுத்தப் புடிச்சவன்மா அவன். அவனுக்காக நீ ஏன் மண்டைய ஒடைச்சுக்கறே?"

"அவருக்காக இல்ல. என் கை தானா போகல மாஸ்டர். நான்தான் நிறுத்தல. நிறுத்த வேணாம்னு இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு."

மாஸ்டர் துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தார். "இந்த ஹால் இப்படி நெறஞ்சு நான் பாத்ததே இல்ல," என்றார் கடைசியில். "பொண்ணுங்க தைரியமா படியேறி வராங்க. நீ போய் இப்படிச் சொன்னா அவங்க என்ன நெனைப்பாங்க? விட்டுடு. வெளிய யாருக்கும் தெரியாது."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவரும் நினைத்திருக்கவில்லை போலிருக்கிறது. சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வகுப்புக்கு நிற்காமல் அவள் இறங்கி வந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் ஏலக்காரரின் வீட்டைத் தேடிப் போனாள். முகவரி எக்ஸ்ரே பதிவேட்டிலேயே இருந்தது. மூன்றாவது மாடி, நீல நிறக் கதவு. திறந்தது அவருடைய மனைவி, முப்பத்தைந்து வயதிருக்கும். யார் என்று சொன்னதும் ஒரு கணம் கதவைப் பிடித்தபடியே நின்று, பிறகு வழிவிட்டாள்.

ஏலக்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரத்துக்குப் பாலும் பழச்சாறும்தான், அதுவும் உறிஞ்சுகுழலில். குரலை வைத்துப் பிழைக்கிற மனிதர், மகளின் நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் மடியில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, உட்கார்ந்து, நோட்டில் எழுதி நீட்டினார்.

'நான் விட்டுட்டேன்ல?'

அவள் படித்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அதற்கு மேலே அதே பக்கத்தில் அதே வரி இன்னும் நாலைந்து இடத்தில் எழுதி, யாருக்கோ காட்டிவிட்டு அடித்தது போலிருந்தது.

"விட்டுட்டீங்க," என்றாள். "விட்டு, பின்னால போயிட்டீங்க. அப்புறம்தான் நான் அடிச்சேன். தப்பு என்னுது. மன்னிச்சிடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். போலீஸ்லயும் சொல்லப்போறேன்."

கட்டிய பல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் அழுகிறார் என்பது தோள் குலுங்கிய பிறகுதான் புரிந்தது. மனைவி பக்கம் திரும்பி, நோட்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்: பார், பார். மனைவி தலையாட்டினாள். அவ்வளவுதான்.

வழியனுப்பப் படிக்கட்டு வரை அந்தப் பெண் கூடவே வந்தாள். வந்து, குரலைத் தாழ்த்தி, "எதுக்குங்க இப்ப வந்து சொன்னீங்க?" என்றாள்.

"உண்மையச் சொல்லிடணும்னுதான்..."

"எனக்குப் புரியுது. நீங்க நல்லவங்க. ஆனா அந்த ஆயாம்மா கழுத்த எப்படிப் புடிச்சாரோ அப்படித்தான் என் கழுத்தையும் புடிப்பாரு. பத்து வருஷமா. இந்தப் பதினஞ்சு நாளாத்தான் வீட்ல சத்தமில்ல. பிள்ளைங்க உக்காந்து படிக்குதுங்க. இனிமே, 'பாத்தியா, நான் பண்ணது ஒண்ணும் தப்பில்ல'ன்னு சொல்லுவாரில்ல?"

"அவர் பண்ணது தப்புதாங்க. அது மாறாது. நான் பண்ணதும் தப்பு," என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு மெலிந்த சொல் என்று காதில் விழுந்தது. அந்தப் பெண் சரி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்று இரவு கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இந்த முறை ஜோக் எதுவும் அடிக்கவில்லை. "நீ சொல்லாம இருந்தா அந்த அம்மாவுக்கு நல்லதா?" என்று கேட்டார்.

"தெரியல."

"சொன்னா?"

"அதுவும் தெரியல. ஆனா நான் கையெழுத்துப் போட்டது பொய். அது மட்டும் தெரியுது."

"அப்ப தெரிஞ்சதச் செய். திங்கக்கெழம காலைல நானே கூட்டிட்டுப் போறேன்."

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் முன் காவல் நிலையத்தில் புது வாக்குமூலம் கொடுத்தாள். எழுதிய காவலர் இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டு, "யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். மருத்துவமனையில் செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய டாக்டர் கை குலுக்கவில்லை. விசாரணை முடியும் வரை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பொய்க் கையெழுத்துக்கும் அடிக்கும் சேர்த்து எச்சரிக்கைக் கடிதம். ஏலக்காரர் மீதும் அவள் மீதும் இரண்டு வழக்கு என்று ஆகி, ஆயாவிடம் அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்பது, அவள் அவரிடம் கேட்பது என்று சமரசத்தில் முடிந்தது.

ஆயாதான் தாங்கவில்லை. அந்தத் திங்கட்கிழமையே, பை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை வராந்தாவில் மறித்தாள். "எனக்காக அடிச்சேன்னு ஊரே சொல்லிச்சு. இப்ப அவனுக்காகப் பேசிட்டு வர்றே. அப்ப என் கழுத்து என்ன, வாடகைக் கழுத்தா? நான் பொய் சொன்னேன்னு ஆயிடுச்சு, பாத்தியா?"

"நீங்க கண்ண மூடியிருந்தீங்க அக்கா. நான்தான் பொய் சொன்னேன்."

"போ. எனக்கு நீ தங்கச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அன்று மாலை அவள் பள்ளிக்குப் போனாள். வகுப்பு முடிந்து எல்லோரும் முட்டி போட்டு உட்கார்ந்ததும், எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். நாலு வாக்கியம்தான். பட்டையை அவிழ்த்து மடித்து மாஸ்டர் முன்னால் வைத்தாள். புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருத்தி, "அந்த ஆளுக்கு அது வேணும்தான், இதுக்கெதுக்கு நீங்க?" என்று கோபத்தோடு கேட்டாள். அந்தக் கோபத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மாஸ்டர் எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படத்தைக் கிழியாமல் மெதுவாகப் பிரித்தெடுத்தார். "இவங்க என்கிட்ட முன்னாடியே சொன்னாங்க," என்றார் வகுப்பைப் பார்த்து. "விட்டுடுன்னு சொன்னது நான்." அடுத்த வகுப்பில் அவரும் இடுப்பில் பட்டை இல்லாமல்தான் வந்தார். மாதம் முடிவதற்குள் ஐம்பது பேர் பதினேழு பேர் ஆனார்கள். அவள், புதிதாகச் சேர்கிறவர்கள் கட்டும் வெள்ளைப் பட்டையோடு வரிசையின் கடைசியில் நின்றாள். குத்துப் பயிற்சியில் எதிரில் ஆள் வந்தால் மட்டும் கையைப் பாதியிலேயே இறக்கிவிடுவாள். மயிரிழை வரை போக மனம் வரவில்லை. மாஸ்டர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் அடுத்த ஆளிடம் போவார்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வணக்கம் சொன்னவர்கள் சிலர். செல்போனில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டவர்கள் பலர். ஆயா அவள் பக்கம் திரும்பவே இல்லை. அறையைப் பெருக்க வந்தால் பெருக்கிவிட்டு, துடைப்பத்தைச் சத்தமாக வைத்துவிட்டுப் போவாள். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே போனது.

ஒரு நாள் காலை, கூட்டம் சேர்வதற்கு முன்பு, ஆயா பெருக்கி முடித்தும் வாசலிலேயே நின்றாள்.

"அவன் பொண்டாட்டி வந்திருந்தா, பல் ஆஸ்பத்திரிப் பக்கம். சின்னப் பொண்ணுக்குப் பல் புடுங்க," என்றாள் சுவரைப் பார்த்து.

அவள் ஈய உடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"அவன் வாய்க் கம்பி பிரிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பிள்ளைங்களக் கூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டாளாம். ஒரு துணிக்கடையில வேலை. அந்த ஒரு மாசம் வீடு அமைதியா இருந்துச்சு, யோசிக்க நேரம் கெடச்சுதுன்னு சொன்னா." ஆயா மூக்கை உறிஞ்சினாள். "அவன் வாய் கொஞ்சம் கோணலாத்தான் சேந்திருக்காம். ஏலம் கூப்பிட்டா முன்ன மாதிரி எட்டலையாம். பாதி நாள் மார்க்கெட்டுக்கே போறதில்லையாம்."

"உங்ககிட்ட எதுவும் கேட்டாங்களா அக்கா?"

"உன்ன விசாரிச்சா. நல்லா இருக்காங்களான்னு."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும், நாங்க பேசிக்கறதில்லன்னு சொன்னேன்," என்றாள் ஆயா. துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். கழுத்தில் அந்த நாளின் தடம் எதுவும் இல்லை; ஆனாலும் முந்தானையை இழுத்து அங்கே சுற்றிக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. "உள்ள தூசி நெறைய இருக்கு. மத்தியானம் வந்து மேல ஒட்டடை அடிச்சுத் தர்றேன். ஏணிய நீ புடிச்சுக்கோ."

சொல்லிவிட்டு ஆயா போனாள். வராந்தாவில் முதல் நோயாளி, கையைத் துண்டால் கட்டிக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் போய் அவரை உள்ளே அழைத்து வந்தாள்.